ஈர மணலில் வைத்த கல்

"கொள்ளாம்" என்றாள் அவள், டீயை ஒரு மடக்குக் குடித்துவிட்டு.

மலைக்கோட்டைக்கு அடியில் காலை நடை முடிந்ததும் நாங்கள் டீ குடிக்கிற கடை அது. இத்தனை வருஷத்தில் அந்த டீயைப் பற்றி அவள் சொன்னதெல்லாம் இரண்டே தீர்ப்புகள்தான். ஒன்று "நல்லாருக்கு", இன்னொன்று "கழனித்தண்ணி". கொள்ளாம் என்பது எங்கள் திண்டுக்கல் பேச்சு கிடையாது. நல்லாருக்கு என்பதற்கு நாகர்கோவில் பக்கத்துச் சொல். அது யார் வாயிலிருந்து இவள் வாய்க்கு வந்தது என்று எனக்குத் தெரியும். அதற்குமேல் எனக்கு டீ இறங்கவில்லை.

அவள் என் சிநேகிதி. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். இப்போது அவள் ஒரு அரசுப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். நான் ஜாக்கெட் தைக்கிற கடை வைத்திருக்கிறேன். இருவருக்கும் பேரப்பிள்ளைகள் வந்தாயிற்று. தை பிறந்தால் நாங்கள் இருவரும் பழனிக்கு நடப்போம். திண்டுக்கல்லில் கிளம்பி, ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம் வழியாக, கூட்டத்தோடு கூட்டமாக, ஆனால் எங்களுக்குள் ஒரு தனி ஜோடியாக. புருஷன்மார்களைச் சேர்த்துக்கொள்வதில்லை. அவர்கள் வந்தால் டீக்கடைக்கு டீக்கடை நிற்பார்கள்.

நடைக்கென்று எங்களுக்குள் சில ஏற்பாடுகள் உண்டு. ஒரே பைதான், மாற்றி மாற்றிச் சுமப்போம். இரண்டு பேர் போனும் அந்தப் பையில்தான் இருக்கும். அவள் குதிகாலில் கொப்புளம் வந்தால் மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்துப் போடுவது என் வேலை. கூட்டத்தில் பிரிந்துவிட்டால் முன்னால் போகிறவள் அடுத்த மைல்கல்லின் தலையில் ஒரு வேப்பங்கொத்தை வைத்து, அது பறக்காமல் மேலே ஒரு கல்லை வைத்துவிட்டுப் போக வேண்டும். பின்னால் வருகிறவள் அதைப் பார்த்தால் முன்னே நடப்பாள். கல் இல்லையென்றால் மற்றவள் இன்னும் பின்னால்தான் இருக்கிறாள் என்று அர்த்தம், அங்கேயே நிற்பாள். போன் வந்த பிறகும் இதை நாங்கள் விடவில்லை. எந்த வருஷமும் இது தப்பியதும் இல்லை.

இதற்குள்தான் அந்த நர்ஸ் வந்து சேர்ந்தாள். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரி. மாற்றலாகி இங்கே ஆஸ்பத்திரிக்கு வந்தவள், என் சிநேகிதி வீட்டு மாடியில் வாடகைக்குக் குடியேறினாள். எங்களைவிடப் பத்து, பன்னிரண்டு வயது சின்னவள். முதல் வாரம் மாடியிலிருந்து மீன் குழம்பு கீழே வந்தது. அடுத்த வாரம் இவள் வீட்டுக் குழம்பில் தேங்காய் அரைத்து ஊற்றுவது ஆரம்பித்தது. மூன்றாவது வாரம் அந்த நர்ஸே காலை நடைக்கு வந்துவிட்டாள். ரோடு அகலம் குறைவு. இரண்டு பேர்தான் சேர்ந்து நடக்க முடியும். மூன்றாவது ஆள் பின்னால் வர வேண்டும். பின்னால் வந்தது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நடந்துகொண்டே நர்ஸ் கடல் கதை சொல்லுவாள். முட்டத்துப் பாறை மேல் நின்றால் அலை கால்வரைக்கும் தெறிக்கும் என்பாள். கறுப்பு மணல் கரை என்பாள். கடலுக்குள் கால் நீட்டி உட்கார்ந்த மாதிரி ஒரு கோட்டை, வட்டக்கோட்டை என்று பெயர், கரையோடு கரையாக நடந்தே போகலாம் என்பாள். என் சிநேகிதி "அப்படியா, அப்படியா" என்று கேட்டுக்கொண்டே வருவாள். எங்கள் தலைக்கு மேலேயே ஒரு கோட்டை நின்றுகொண்டிருந்தது. அதை அண்ணாந்து பார்க்க ஆளில்லை. பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பது கோட்டைக்கும் பொருந்தும், சிநேகிதிக்கும் பொருந்தும் என்று பின்னால் நடந்தபடி நினைத்துக்கொள்வேன்.

மார்கழி பிறக்கப்போகிற சமயம். நாங்கள் பழனிக்கு மாலை போட்டுக்கொள்கிற நாள் நெருங்கியது. கடையை மூடிவிட்டுப் போய் அவளிடம் கேட்டேன்.

"மாலை எப்பப் போடுறோம்?"

"செத்த பொறுடி. அரைப்பரீட்சை லீவுல இவ ஊருக்குப் போறோம். கடக்கரையில நடக்கணும்னு இருக்கோம். போய்ட்டு வந்து போட்டுக்கலாம்."

"அதுக்கும் மாலைக்கும் என்னடி?"

"மாலை போட்டா மீன் திங்க முடியாதுல்ல" என்றாள், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

முருகனை மீனுக்குப் பின்னால் நிற்கவைத்துவிட்டாளே என்று எனக்கு வயிறு எரிந்தது. முருகன் சார்பில் எரிந்ததாக அப்போது நினைத்துக்கொண்டேன். "தையில நடக்கவாவது நடப்பியா?" என்று கேட்டேன். "குதிகால் சொல்றபடி கேக்கணும். பாப்போம்" என்றாள். நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு. கடற்கரையில் நடக்கிற குதிகாலுக்குப் பழனி ரோடு ஆகாதாம். பாப்போம் என்று அவள் சொல்லி நான் கேட்டதே இல்லை. அன்றிரவு எனக்கு ஒரே எண்ணம்தான். இந்தத் தையில் நான் தனியாக நடக்கப்போகிறேன்.

எனக்கு இருந்த ஒரே ஆறுதல், நர்ஸ் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவப் பெண். கடல் அவளுடையதாக இருக்கலாம். பழனி ரோடு என்னுடையது. அதில் அவள் கால் வைக்கமாட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் நானே வலியப் போய், "நானும் வாரேன்" என்றேன். இரண்டு பேரும் சந்தோஷப்பட்டார்கள். நர்ஸின் முகத்தில் உண்மையாகவே சந்தோஷம் தெரிந்தது. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. ஆகாதவளாக இருந்திருந்தால் எவ்வளவு வசதி.

ரயிலில் போய் நாகர்கோவிலில் இறங்கினோம். நர்ஸின் அம்மா வீட்டில் தங்கினோம். முதல் நாள் முட்டம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நான் குறை தேடினேன். கடல் ரொம்பச் சத்தம். காற்று சேலையை நிற்கவிடவில்லை. உப்பு உதட்டில் ஒட்டியது. இதையெல்லாம் சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. பாறை நுனியில் என் சிநேகிதி வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். கீழே அலை வந்து மோதி வெள்ளையாகச் சிதறி, மறுபடி நீலமாகச் சுருண்டு போய்க்கொண்டிருந்தது. அவள் திரும்பி, "ஏய், இது தெரியாமயே கெழவி ஆயிட்டோமேடி" என்றாள். என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். ஆனால் கை நர்ஸின் கையைப் பிடித்திருந்தது. கால் வழுக்கும் என்று பிடித்திருக்கலாம். அந்த நேரத்தில் எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் கடலைப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. அதுதான் ஆத்திரம்.

மறுநாள் வட்டக்கோட்டைக்கு நடை. கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து கரையோரமாகவே போவதாக ஏற்பாடு. நான் பச்சைச் சேலை கட்டிக்கொண்டேன். பழனிக்கு நடக்கும்போது கட்டுகிற சேலை. பையை என் சிநேகிதி தோளில் போட்டுக்கொண்டாள், இரண்டு போனும் வழக்கம்போல் அதற்குள். அதைப் பார்த்தபோது மட்டும் கொஞ்சம் சமாதானமாக இருந்தது.

மணலில் நடப்பது ரோட்டில் நடப்பது மாதிரி இல்லை. வைத்த கால் பாதி உள்ளே போய்விடுகிறது. நான் காய்ந்த மணலில் இழுத்து இழுத்து நடந்தேன். "அக்கா, நனைஞ்ச மணல்ல நடங்க, கெட்டியா இருக்கும்" என்றாள் நர்ஸ். எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டுக் காய்ந்த மணலிலேயே நடந்தேன். மணலில் ஊதாப் பூவோடு ஒரு கொடி படர்ந்து கிடந்தது. அதன் பெயர் அடம்பு என்றும், அதுதான் மணலைக் காற்றில் போகாமல் பிடித்து வைத்திருக்கிறது என்றும் நர்ஸ் சொன்னாள். வலதுபக்கம் கடல். இடதுபக்கம் தென்னந்தோப்பு, அதற்கப்பால் காற்றாலைகள், அதற்கும் அப்பால் மலை. ஒரே ஊருக்கு இத்தனையும் கொடுத்திருக்கிறான். எங்களுக்குச் சிறுமலை ஒன்றைக் கொடுத்துவிட்டு, குடகனாற்றில் தண்ணீர் விடக்கூட மறந்துபோனான்.

பாதி தூரத்தில் கரையேற்றிய ஒரு படகின் நிழலில் உட்கார்ந்தோம். என் சிநேகிதி செருப்பைக் கழற்றினாள். இடது குதிகாலில் கொப்புளம். வழக்கமான அதே இடம். நான் பைக்குள் கையை விட்டேன். எண்ணெய்ச் சீசாவும் மஞ்சள் பொட்டலமும் கொண்டுவந்திருந்தேன். நான் சீசாவைத் திறப்பதற்குள் நர்ஸ் மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அந்தக் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். ஏதோ மருந்தால் துடைத்தாள். மெத்தென்று பஞ்சு வைத்து அழகாகக் கட்டினாள்.

"எண்ணெ வேண்டாம் அக்கா, அழுக்குப் பிடிச்சிரும்" என்றாள் என்னிடம், மரியாதையாக.

என் சிநேகிதி காலை ஆட்டிப் பார்த்தாள். "வலியே தெரியல. கொள்ளாம்!" என்றாள்.

நான் சீசாவைத் திரும்பப் பைக்குள் போட்டேன். எத்தனை தை அந்தக் குதிகாலைப் பிடித்திருப்பேன். ஒருதரம்கூட நல்லா இருக்கு என்று அவள் சொன்னதில்லை. பக்கத்தில் சிலர் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் எழுந்து அதைப் பார்க்கப் போனார்கள். "நீயும் வாடி" என்று என் சிநேகிதி கூப்பிட்டாள். "நான் மெல்ல நடக்குறேன்" என்றேன். அவர்கள் முதுகு திரும்பியதும் வேகமாக நடக்க ஆரம்பித்தேன்.

கொஞ்ச தூரத்தில் பாறைகள் கடலுக்குள் இறங்கி வழியை மறித்தன. அங்கே தடம் இரண்டாகப் பிரிந்தது. ஒன்று பாறைக்குக் கீழே தண்ணீரை ஒட்டி, இன்னொன்று மேடேறித் தோப்பு வழியாக. மேல்வழிதான் பத்திரமாகத் தெரிந்தது. ஏறப்போனவள் நின்றேன். அவ்வளவு கோபத்திலும் கால் நின்றுவிட்டது. அடையாளம் வைக்க வேண்டும். இங்கே மைல்கல்லும் இல்லை, வேம்பும் இல்லை. அடம்பங்கொடியில் பூவோடு ஒரு கிளையைக் கிள்ளினேன். நல்ல உருண்டைக் கல்லாக ஒன்று பொறுக்கினேன். அவர்கள் நனைந்த மணலில்தானே நடந்து வருவார்கள், கண்ணில் படட்டும் என்று அங்கே போனேன். மணல் வழவழவென்று கெட்டியாக இருந்தது. கொடியைக் கோட்டைப் பக்கம் நுனி பார்க்க வைத்து, மேலே கல்லை அழுத்தி வைத்தேன். பளிச்சென்று தெரிந்தது. திருப்தியாகக் கிளம்பினேன்.

எங்கள் ஊர்க் குளத்தில் கரை ஈரமாக இருந்தால் தண்ணீர் அந்த இடத்தை விட்டுப் போய்விட்டது என்று அர்த்தம். அடுத்த மழை வரைக்கும் திரும்பி வராது. ஐம்பது வருஷத்துக்கு மேலாக நான் பார்த்த தண்ணீரெல்லாம் அப்படிப்பட்டதுதான்.

கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தேன். கருங்கல் சுவர், உள்ளே ஒரு குளம், சரிவாக ஏறிப்போகிற பாதை. மதில் மேல் ஏறி உட்கார்ந்தேன். ஒருபக்கம் கடல் சுவரைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. எங்கள் கோட்டையில் பாதிக்குப் பாதிகூட உயரமில்லை. ஏறினால் மூச்சு வாங்கவில்லை. இதெல்லாம் ஒரு கோட்டையா என்று கேட்டுக்கொண்டேன். ஆனால் எங்கள் கோட்டை உச்சியில் நின்றால் தெரிவது மொட்டைமாடிகளும் தண்ணீர்த் தொட்டிகளும்தான். இது கடலைப் பார்த்துக்கொண்டே கிழமாகியிருக்கிறது. கல்லின் மேல்கூடப் பொறாமைப்படுகிற அளவுக்கு வந்துவிட்டேன்.

அவர்கள் வரவில்லை. கொப்புளக் காலோடு மெதுவாகத்தான் வருவார்கள் என்று முதலில் பொறுத்தேன். பிறகு, வலையில் விழுந்த மீனை வாங்கிச் சுடச்சுடப் பொரித்துத் தின்றுகொண்டிருப்பார்கள் என்று நினைத்தேன். அப்புறம் அந்த மீனின் அளவுகூட எனக்குத் தெரிந்தது. என் ஞாபகம் அவளுக்கு வரவே வராது. போனில் கூப்பிடலாமென்றால் போன் அவள் பையில். வெயில் சாய்ந்தது. ஜோடி ஜோடியாக வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். காவல்காரர் வந்து, "ஒத்தைல வந்தீங்களாம்மா? பூட்டுத நேரமாச்சு" என்றார். ஒத்தையில்தான் வந்தேன் என்றேன். தையில் பழனி ரோட்டில் யாராவது கேட்டாலும் இதையேதான் சொல்லப்போகிறேன் என்று தோன்றியது. அழுகை வந்துவிட்டது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது கரையில் தூரத்தில் இரண்டு உருவம் வந்தது. ஒன்று நொண்டிக்கொண்டு வந்தது. இன்னொன்று அதைத் தாங்கிப் பிடித்து, மறுகையில் இரண்டு ஜோடிச் செருப்பும், தோளில் எங்கள் பையுமாக வந்தது. நான் கீழே இறங்கி வாசலுக்கு ஓடினேன்.

என் சிநேகிதியின் சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. காலில் கட்டிய பஞ்சு எங்கேயோ போய்விட்டது. குதிகால் சிவந்து கிடந்தது.

"எங்கடி போய்த் தொலைஞ்ச?" என்று கத்தினாள்.

"நான் இங்கதான இருக்கேன். நீங்கதான் என்னை விட்டுட்டு..."

"கல்லு எங்க?"

"வச்சேன்."

"பொய் சொல்லாத. பாறைகிட்ட நின்னு கண்ணு பூக்கத் தேடினேன். கல்லும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. இவ சொல்றா, நீ முன்னாடி போயிட்டேன்னு. நான் சொன்னேன், அவ கல்லு வைக்காமப் போற ஆளில்ல, கல்லு இல்லேன்னா பின்னாடிதான் இருக்கான்னு. கிளம்பின எடத்துக்கே திரும்பிப் போனேன்டி. அம்புட்டுத் தூரமும். படகு படகா குனிஞ்சு பாத்தேன். போன் போட்டேன், அது என் பைக்குள்ளயே அடிக்குது. கடலுக்குள்ள போயிட்டியோன்னு..."

அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். வழியில் வலைக்காரர் ஒருவர் பச்சைச் சேலை கட்டிய அம்மா கோட்டைப் பக்கம் போவதைப் பார்த்ததாகச் சொல்லித்தான் திரும்பியிருக்கிறார்கள்.

"சத்தியமா வச்சேன். அந்தப் பாறைக்குக் கீழ, மணல்ல" என்றேன்.

நர்ஸ் மெதுவாகக் கேட்டாள். "அக்கா, காய்ஞ்ச மணல்லயா, நனைஞ்ச மணல்லயா?"

"நனைஞ்ச மணல்ல. அதான கெட்டியா இருந்துச்சு."

அவள் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. "அது அடுத்த அலையில போயிருக்கும் அக்கா" என்றாள். சிரித்தது என் சிநேகிதிதான். அழுதுகொண்டே சிரித்தாள். "கூறுகெட்டவளே, கூறுகெட்டவளே" என்று என் முழங்காலில் அடித்தாள். எனக்கு அந்த அடி வேண்டியிருந்தது. இல்லாத ஒரு கல்லை நம்பி, வெந்த குதிகாலோடு அத்தனை தூரம் திரும்பி நடந்திருக்கிறாள். முன்னால் போய்விட்டாள் என்று பக்கத்திலேயே ஒருத்தி சொல்லியும் கேட்காமல் நடந்திருக்கிறாள். நான் மீன் கணக்குப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரமெல்லாம்.

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஜெயித்தது போதாதென்று நர்ஸிடம் திரும்பினேன்.

"நான் முன்னாடி போனேன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

"மேட்டு மணல்ல ஒங்க கால் தடம் இருந்துது. கோட்டைப் பக்கமாட்டு போச்சு."

"அவகிட்ட காட்ட வேண்டியதுதான?"

"காட்டினேன். அது யாரு காலோன்னு சொல்லிட்டாவ."

"சரி, நான் இங்கதான் இருக்கேன்னு தெரிஞ்சும் எதுக்கு அவகூடத் திரும்பி நடந்த?"

இதென்ன கேள்வி என்பதுபோல் என்னைப் பார்த்தாள். "அவியள ஒத்தைல விட முடியுமா?" என்றாள்.

அவ்வளவு தூரமும் வீண் என்று தெரிந்தே போய், தெரிந்தே வந்திருக்கிறாள். அவளும் செருப்பில்லாமல்தான் நின்றாள். வழித்துணை என்றால் அதுதான். அத்தனை தை நடந்த நான் கோபித்துக்கொண்டு முன்னால் போனேன், நேற்று வந்தவள் கூடவே நடந்தாள். அவள்மேல் அதுவரைக்கும் பட்ட பொறாமையெல்லாம் ஒன்றுமில்லை. அப்போது வந்ததுதான் நிஜப் பொறாமை.

நான் பையிலிருந்து எண்ணெய்ச் சீசாவை எடுத்தேன். எடுத்துவிட்டு, நர்ஸின் முகத்தைப் பார்த்தேன். "இப்பப் போடலாமா?" என்று கேட்டேன். "முதல்ல கழுவிரலாம் அக்கா" என்றாள். நான் தண்ணீர் ஊற்றினேன். அவள் துடைத்தாள். நடுவில் என் சிநேகிதி மகாராணி மாதிரிக் காலை நீட்டிக்கொண்டு, "மாலையை ஊருக்குப் போன மறுநாளே போட்டுருவோம்டி" என்றாள். போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது. அந்த உயிர் வந்து உட்காருவதற்குள் நர்ஸ் கேட்டாள்.

"நான் மாலை போடமாட்டேன். ஆனா, கூட நடக்கலாமா அக்கா? காலுக்கு ஏதாவதுன்னா நான் பாத்துக்கிடுவேன்."

அவள் என் சிநேகிதியிடம் கேட்கவில்லை. என்னிடம்தான் கேட்டாள். வேண்டாம் என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. "வா" என்றேன்.

தையில் மூன்று பேராகத்தான் நடந்தோம். நாங்கள் பச்சைச் சேலையில், அவள் பூப்போட்ட சுடிதாரில். ஒட்டன்சத்திரம் தாண்டியதும் நல்ல கூட்டம். ஒரு அன்னதானப் பந்தலில் என் சிநேகிதி யாரோ சொந்தக்காரரைப் பார்த்துப் பேச்சில் சிக்கிக்கொண்டாள். கூட்டம் எங்கள் இருவரையும் முன்னால் தள்ளிக்கொண்டு போய்விட்டது. அடுத்த மைல்கல்லைப் பார்த்ததும் நான் வேப்பமரத்தைத் தேடினேன். தேடி, கொத்தை ஒடித்துக்கொண்டு திரும்புவதற்குள் நர்ஸ் வேலையை முடித்திருந்தாள். மைல்கல்லின் தலையில் வேப்பங்கொத்து, அதன் மேல் தட்டையாக ஒரு கல். எங்கள் வழக்கத்தை நானே அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

"சரியா அக்கா?" என்று கேட்டாள்.

குனிந்து பார்த்தேன். நுனி பழனிப் பக்கம் இருந்தது. கல் ஆடவில்லை. ஒரு குறையும் இல்லை.

"சரிதான்" என்றேன். அவள் நடக்க ஆரம்பித்ததும் அந்தக் கல்லை எடுத்து, ஒரு விரற்கடை தள்ளி, நானே மறுபடி வைத்துவிட்டு நடந்தேன்.